மதிப்புரையாய்ப் பிறந்த புத்தகம்

1917இல் சென்னை கணேஷ் அண்ட் கம்பெனி ஓர் ஆங்கிலப் புத்தகத்தை வெளியிட்டது. பெயர் 'நியூ வேஸ் இன் இங்கிலீஷ் லிட்டரேச்சர்'. எழுதியவர் ஜேம்ஸ் கசின்ஸ்; அயர்லாந்துக்காரர், கவிஞர். அன்றைக்குப் புதிதாகப் பேசப்பட்ட கவிஞர்களைப் பற்றிய கட்டுரைகள் அதில் இருந்தன. புதுச்சேரியில் மாதப் பத்திரிகை நடத்திவந்த ஒருவருக்கு அதன் பிரதி ஒன்றைக் கசின்ஸ் அனுப்பிவைத்தார். புத்தகம் வந்தால் இரண்டு பக்கம் மதிப்புரை போடுவது பத்திரிகை வழக்கம்தானே? அவரும் எழுத உட்கார்ந்தார். 1917 டிசம்பர் இதழில் தொடங்கிய மதிப்புரை 1920 ஜூலை இதழில்தான் முடிந்தது. மொத்தம் 32 தவணை.

பத்திரிகை 'ஆர்யா'. எழுதியவர் அரவிந்தர். தொடரின் பெயர் 'தி ஃப்யூச்சர் பொயட்ரி', வருங்காலக் கவிதை.

எழுதுகிற மனம் எப்படி வேலை செய்கிறது என்பதைப் பற்றி இந்தியாவில் எழுதப்பட்டவற்றுள் இதற்கு மேலாக ஒன்றை நான் படித்ததில்லை. இதில் குறைகள் ஏராளம். சில இடங்களில் ஆசிரியர் பந்தயம் கட்டிய குதிரையே தவறு. அதையும் சொல்லத்தான் போகிறேன். முதலில் பிறந்த கதை.

கூட்டேரிப்பட்டுக்காரனுக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்கலாம். சென்னையிலிருந்து திருச்சி போகும் நெடுஞ்சாலையில் திண்டிவனம் தாண்டி, எங்கள் ஊரில் கிழக்கே திரும்பினால் மயிலம். அதே சாலையில் விடாமல் போனால் புதுச்சேரி. ஒரு மணி நேரப் பயணம். எங்கள் பக்கத்துக் கிராமங்களிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் அங்கே போகிறவர்கள் என்றைக்கும் உண்டு. அந்த நாளில் கழுப்பெரும்பாக்கத்திலிருந்து படிக்கப்போன ஐயங்கார் வீட்டுப் பையன் ஒருவர்தான் பிற்பாடு அமிர்தா என்ற பெயரில் ஆசிரம நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டவர். ஆனாலும் அரவிந்தர் என்றால் எங்கள் ஊரில் ஆசிரமமும் ஆரோவில்லும் ஊதுவத்தியும்தான் நினைவுக்கு வரும். மாதம் தவறாமல் அச்சகத்துக்குப் பக்கம் எழுதித் தள்ளிய பத்திரிகைக்காரரை யாருக்கும் தெரியாது. இந்தக் கதையின் நாயகர் அந்தப் பத்திரிகைக்காரர்தான்.

பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த அரசியலில் இருந்த அவர் 1910 ஏப்ரல் 4 அன்று கப்பலில் புதுச்சேரிக்கு வந்து இறங்கினார். பிரெஞ்சு எல்லைக்குள் இருந்ததால் பிரிட்டிஷ் போலீசால் கைது செய்ய முடியவில்லை. உளவாளிகளை வைத்துக் கண்காணிக்க மட்டும் முடிந்தது. 1914 ஆகஸ்ட் 15, அவருடைய 42ஆம் பிறந்தநாள் அன்று 'ஆர்யா' தொடங்கியது. கூட்டாளிகள் பிரெஞ்சுக்காரரான பால் ரிஷாரும் அவர் மனைவி மீராவும். மீராதான் பின்னாளில் ஆசிரமத்தில் அன்னை என்று அழைக்கப்பட்டவர். சில நாள்களுக்கு முன்புதான் ஐரோப்பாவில் போர் மூண்டிருந்தது. 1915 பிப்ரவரியில் ரிஷார் தம்பதியர் பிரான்சுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மாதம் 64 பக்கம், நிரப்புவதற்கு ஏறக்குறைய ஒரே ஆள் என்று ஆனது.

அந்த ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல தொடர்களை ஓட்டினார். தத்துவம் ஒரு தொடர், யோகம் ஒன்று, வேதம் ஒன்று, கீதை ஒன்று, மனித சமூகத்தின் ஒற்றுமை பற்றி ஒன்று. இன்றைக்குக் கனமான அட்டையோடு அலமாரியில் நிற்கும் 'தி லைஃப் டிவைன்' உள்பட அவருடைய பெரிய உரைநடை நூல்களில் பெரும்பாலானவை இந்த மாதக் கெடுவுக்குள் எழுதப்பட்டவை. மனம் அமைதியாக இருக்கும்போதுதான் நல்ல எழுத்து வரும், நெருக்கினால் வராது என்று சொல்லும் புத்தகங்களைப் படித்துவிட்டு இதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அரவிந்தரைக் கேட்டால் மனம் அமைதியானதால்தான் அத்தனையும் எழுத முடிந்தது என்பார். இருக்கலாம். ஆனால் 15ஆம் தேதி இதழ் வந்தாக வேண்டும் என்பதும் உண்மை.

இந்தப் பத்திரிகைக்காரருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிறர் புத்தகம் கைக்கு வந்தால் அதைப் பற்றி எழுதத் தொடங்குவார். இரண்டாம் பக்கத்திலேயே புத்தகம் பின்னால் போய்விடும், அவருடைய யோசனை முன்னால் வந்துவிடும். பேராசிரியர் ஆர்.டி. ரானடே கிரேக்க ஞானி ஹெராக்ளிட்டஸ் பற்றி எழுதிய சிறு நூலைப் பார்த்து 1916 டிசம்பரில் தொடங்கிய கட்டுரை ஒரு தனி நூலாயிற்று. கசின்ஸின் இன்னொரு புத்தகமான 'தி ரினைசன்ஸ் இன் இந்தியா' வந்தது. 1918இல் அதே தலைப்பில் நான்கு கட்டுரைகள் எழுதினார். ஜான் உட்ராஃப் 'இஸ் இந்தியா சிவிலைஸ்டு?' எழுதினார், அதை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்கியது, இந்தியப் பண்பாட்டைப் பற்றிய நீண்ட தொடராக வளர்ந்து 1921 ஜனவரியில் பத்திரிகை நின்றபோதுதான் நின்றது. கசின்ஸின் இரண்டு புத்தகங்கள், உட்ராஃபின் புத்தகம் ஆகிய மூன்றையும் போட்டது அதே கணேஷ் அண்ட் கம்பெனி. தங்கள் புத்தகங்களுக்கு இவ்வளவு நீளமான மதிப்புரை கிடைத்த பதிப்பகம் உலகத்தில் வேறு இருக்காது.

கசின்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1873இல் பெல்ஃபாஸ்ட்டில் பிறந்தவர். அயர்லாந்தின் இலக்கிய மறுமலர்ச்சிக் கூட்டத்தில் கவிஞர் யேட்ஸுக்கும், ஏ.ஈ. என்ற புனைபெயரில் எழுதிய கவிஞருக்கும் பழக்கமானவர். 1904இல் ஜேம்ஸ் ஜாய்ஸ் தங்க இடமில்லாமல் அலைந்தபோது சில நாள் இவர் வீட்டில்தான் இருந்தார். அதற்குக் கைம்மாறாக ஜாய்ஸ் பிறகு ஒரு கிண்டல் பாட்டில் இவரை இழுத்துவிட்டார். 1915இல் அன்னி பெசன்ட் அழைத்து மனைவி மார்கரெட்டோடு சென்னைக்கு வந்து 'நியூ இந்தியா' நாளிதழில் வேலை பார்த்தார். மறு வருடம் டப்ளினில் ஈஸ்டர் எழுச்சி நடந்தது. அதைப் பாராட்டி எழுதினார், வேலை போயிற்று. மதனப்பள்ளி தியாசபிகல் கல்லூரிக்கு ஆசிரியராகப் போனார். 1919இல் தாகூர் அந்தக் கல்லூரிக்கு வந்து தங்கியபோதுதான் 'ஜன கண மன' பாடலுக்கு மார்கரெட் இசைக்குறிப்பு எழுதினார்.

கவிஞராகக் கசின்ஸ் பெரிய ஆள் இல்லை. ஆனால் டப்ளின் எழுத்தாளர் கூட்டத்தையும் இங்குள்ள கூட்டத்தையும் அறிந்தவர். டப்ளினில் யார் என்ன எழுதுகிறார்கள் என்று புதுச்சேரிக்குச் சொல்ல அவரைவிடத் தகுந்தவர் அப்போது தென்னிந்தியாவில் இல்லை.

அரவிந்தருக்கு அந்தத் தகவல் அவசரமாகத் தேவைப்பட்டது. ஏழு வயதில் இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, கேம்பிரிட்ஜ் வரை அங்கேயே படித்து, 1893 பிப்ரவரியில் பம்பாயில் வந்து இறங்கியவர் அவர். அவர் அறிந்த ஆங்கிலக் கவிதை விக்டோரியா ராணி காலத்தோடு நின்றிருந்தது. நடுவில் பரோடா, கல்கத்தா, அரசியல், அலிப்பூர் சிறை. இருபத்து நான்கு வருடம் கழித்துக் கசின்ஸின் புத்தகம் வந்தபோதுதான் யேட்ஸும் ஏ.ஈ.யும் என்ன செய்கிறார்கள் என்பதே அவருக்குத் தெரியவந்தது. அதிலும் பெரும்பாலும் கசின்ஸ் எடுத்துக் காட்டிய வரிகளை வைத்துத்தான். முழுத் தொகுப்புகள் கையில் இல்லை. ஒரு பிடி மேற்கோளை வைத்துக்கொண்டு ஒரு மொழியின் வருங்காலத்தைக் கணிக்கத் துணிந்தார். துணிச்சலா, அசட்டுத் துணிச்சலா? இரண்டும் என்பேன்.

கசின்ஸ் கிளப்பிய ஒரு கேள்வியை அவர் பிடித்துக்கொண்டார். கவிதை வேதத்து மந்திரத்துக்கு நெருக்கமாக வர முடியுமா? முதல் அத்தியாயத்துக்குத் தலைப்பே 'மந்திரம்'தான். அடுத்த நான்கு அத்தியாயங்களில் கவிதை எங்கிருந்து வருகிறது என்ற விசாரணை. புத்தகத்தின் உயிர் இந்த ஐந்து அத்தியாயங்களில் இருக்கிறது. அவர் சொல்வதை என் வார்த்தையில் சொன்னால் இப்படி: அறிவோ கற்பனையோ காதோ கவிதையை ஆக்குவதில்லை. அவையெல்லாம் வழிகள், கருவிகள். ஆக்குவது உள்ளே இருக்கும் வேறொன்று. கேட்பதும் வாசகனுக்குள் இருக்கும் அதே வேறொன்றுதான். அதை அவர் ஆன்மா என்கிறார். எந்த இடத்தில் ஓசையின் தீவிரம், சொல்லின் தீவிரம், காட்சியின் தீவிரம் ஆகிய மூன்றும் உச்சத்தில் ஒன்று சேர்கின்றனவோ அந்த இடத்தில் சாதாரணப் பேச்சு மந்திரமாகிறது.

ஆன்மாவில் நம்பிக்கை இல்லாதவர்கள் இதைக் கேட்டதும் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அந்தச் சொல்லை எடுத்துவிட்டாலும் அவர் கவனித்தது நிற்கிறது. எழுதுகிறவர்களுக்குத் தெரியும்: உட்கார்ந்து கட்டிய வரி வேறு, தானாக வந்த வரி வேறு. 1908இல் பிரெஞ்சுக் கணித மேதை புவாங்கரே இதைத்தான் சொன்னார். பல நாள் மண்டையை உடைத்துக்கொண்ட கணக்கின் விடை, வேறு எதையோ பேசிக்கொண்டு குதிரை பஸ்ஸின் படியில் கால் வைத்த நொடியில் தோன்றியது என்றார். 1926இல் கிரஹாம் வாலஸ் அதை எடுத்து நான்கு கட்டமாகப் பிரித்தார்: தயாரிப்பு, ஊறவைத்தல், ஒளி, சரிபார்ப்பு. விமான நிலையக் கடைகளில் இன்றைக்கு விற்கும் படைப்பூக்கப் புத்தகங்களில் பாதி, வாலஸின் நான்கு கட்டத்தை ஏழாகவோ பத்தாகவோ நீட்டியவைதான். நான் இவற்றை விடாமல் வாங்கிப் படிக்கிறவன், படித்துவிட்டு அலுத்துக்கொள்கிறவனும்கூட. சொல்ல வந்ததை முதல் அத்தியாயத்தில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். மிச்சம் இருநூறு பக்கமும் உதாரணம். அரவிந்தரிடம் இந்தக் குறை கிடையாது. மாதாமாதம் யோசித்துக்கொண்டே எழுதியதால் பத்தாம் தவணையில் எங்கே போய் நிற்பார் என்று படிக்கிற நமக்கும் தெரியாது.

எங்கள் பக்கத்தில் எழுத்தைப் பற்றிய எழுத்து புதிதல்ல. மயிலத்தில் பொம்மபுர ஆதீனம் 1938இல் தொடங்கிய தமிழ்க் கல்லூரி இருக்கிறது. நன்னூலை முறையாகப் பாடம் கேட்டவர்களை எங்கள் ஊர் டீக்கடையிலும் பார்க்கலாம். நன்னூல் பாயிரத்தை நான் மரியாதையோடு படிக்கிறேன். நூலுக்கு வரும் குற்றம் பத்து, அழகு பத்து, உத்தி முப்பத்திரண்டு. ஆசிரியர் எப்படி இருக்க வேண்டும், மாணவர் எத்தனை வகை, பாடம் கேட்பது எப்படி என்று எல்லாம் இருக்கிறது. எழுதிய பிறகு பிரதியைத் திருத்த உட்காருகிறவருக்கு அந்தப் பத்துக் குற்றங்களைவிட நல்ல பட்டியல் இன்றைக்கும் இல்லை. தொல்காப்பியமோ மெய்ப்பாட்டியலில் உணர்ச்சி உடம்பில் எப்படித் தெரியும் என்று எட்டு வகையாக விரித்துக் காட்டுகிறது. ஆனால் எழுதுகிற நேரத்தில் எழுதுகிறவருக்குள் என்ன நடக்கிறது என்று இரண்டும் பேசுவதில்லை. அரவிந்தர் அந்த இடத்தில்தான் தொடங்குகிறார்.

நடுப்பகுதி ஆங்கிலக் கவிதையின் வரலாறு. சாசர் புறவாழ்க்கையைப் பாடினார், ஷேக்ஸ்பியர் காலம் உயிர்வேகத்தைப் பாடியது, மில்டன் தொடங்கி அறிவு மேலேறியது, பிறகு வந்த வேர்ட்ஸ்வொர்த், ஷெல்லி, கீட்ஸ் கூட்டம் ஆன்மாவின் வாசல்வரை வந்து திரும்பிவிட்டது என்று படிப்படியாக அடுக்குகிறார். இவ்வளவு ஒழுங்காக எந்த மொழியின் கவிதையும் வளர்ந்ததில்லை. படிகள் அவர் போட்டவை. ஆனால் தனித்தனிக் கவிஞர்களைப் பற்றிச் சொல்லும்போது மனிதருக்குக் கண் கூர்மை. இளமையிலேயே நெட்டுருவான கவிஞர்கள் அல்லவா!

இனி வருவதுதான் சங்கடம். அண்மைக் கவிஞர்களைப் பற்றிய அத்தியாயங்களில் அவர் அமெரிக்கக் கவிஞர் விட்மனைப் பெரிதாகப் பேசுகிறார், சரி. யேட்ஸ், தாகூர், சரி. ஆனால் எட்வர்ட் கார்ப்பெண்டரையும் ஏ.ஈ.யையும் வருங்காலத்தின் முன்னோடிகளாக உயர்த்துகிறார். இன்று ஆங்கிலம் படிக்கிறவர்களில் அந்த இருவரின் கவிதையைத் தேடிப் படிப்பவர்கள் எத்தனை பேர்? கசின்ஸின் சொந்த ருசி அவர் எடுத்துக்காட்டிய வரிகள் வழியாக மதிப்புரையாளரையும் தொற்றிக்கொண்டது. அதே 1917இல் லண்டனில் டி.எஸ். எலியட்டின் முதல் தொகுப்பு ப்ரூஃப்ராக் வெளிவந்தது. ஆங்கிலக் கவிதையின் வருங்காலம் அந்தப் பக்கமாகப் போயிற்று. புதுச்சேரிக்கு அந்தச் சேதி எட்டவில்லை. பிற்காலத்தில் நூலைத் திருத்த உட்கார்ந்தபோது புதிய கவிஞர்களைப் பற்றியும் சேர்க்க நினைத்தார், எழுதவில்லை.

லண்டனை விடுங்கள். தொடரின் முதல் வருடம் முழுக்கச் சில தெரு தள்ளிப் பாரதி இருந்தார். அவர் புதுச்சேரியை விட்டுப் போனது 1918 நவம்பரில். அந்த 1917இல்தான் பரலி சு. நெல்லையப்பர் 'கண்ணன் பாட்டு' நூலை வெளியிட்டார். விட்மனைத் தமிழருக்குக் கட்டுரையில் அறிமுகப்படுத்தியவரும் பாரதிதான். வேதத்தின் ஓசையைத் தமிழ் உரைநடைக்குள் கொண்டுவந்து வசன கவிதை எழுதியவரும் அவர்தான். இருவரும் வேதத்தைச் சேர்ந்து ஆராய்ந்தவர்கள். 'ஆர்யா'வின் தொடக்க இதழ்களில் ஆண்டாளையும் நம்மாழ்வாரையும் அரவிந்தர் ஆங்கிலமாக்கியபோது தமிழுக்குத் துணை நின்றது பாரதி. மந்திரத்துக்கு நெருக்கமான வருங்காலக் கவிதைக்கு எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் நடந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கலாம். தொடரில் இந்தியாவின் சமகாலக் கவிஞராக விரிவாகப் பேசப்படுபவர் தாகூர். பேசுபொருள் ஆங்கிலக் கவிதை, ஆகவே தாகூரின் ஆங்கில 'கீதாஞ்சலி' உள்ளே வந்தது, பாரதி வரவில்லை என்று சமாதானம் சொல்லலாம். எனக்கு அது போதவில்லை.

கசின்ஸ் தரப்பிலிருந்தும் ஒரு மதிப்புரை உண்டு. அரவிந்தரின் 'அகனா' கவிதைத் தொகுப்பு 1915இல் வந்திருந்தது. கசின்ஸ் அதைப் பற்றி எழுதியபோது சில கவிதைகளைப் பாராட்டிவிட்டு, 'ரிஷி' என்ற நீண்ட கவிதையை மட்டும் இது தத்துவம், கவிதை ஆகவில்லை என்று தள்ளினார். அரவிந்தர் கோபப்படவில்லை. அந்தக் குற்றச்சாட்டு தமக்குப் பயன்பட்டதாகப் பிற்காலக் கடிதம் ஒன்றில் ஒப்புக்கொள்கிறார். 'வருங்காலக் கவிதை'யில் தத்துவத்துக்கும் கவிதைக்கும் நடுவே கோடு போடும் இடங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கசின்ஸின் அந்த வரி நினைவுக்கு வருகிறது. யார் யாரை மதிப்பிட்டார்கள் என்றே சொல்ல முடியாதபடி இரண்டு வாசகர்கள்.

கவிதையை ஆக்குவது அறிவல்ல என்ற தம் கொள்கையை அரவிந்தர் சோதித்தும் பார்த்தார். 1930களில் நீரோத்பரண் என்ற வங்காளி சீடர் அவருக்கு நாள்தோறும் கடிதம் எழுதிவந்தார். எடின்பர்க்கில் மருத்துவம் படித்தவர். கவிதைக்கும் அவருக்கும் அதற்குமுன் பெரிய சம்பந்தமில்லை. அவர் எழுதிய வரிகளைத் திருத்தி, இது மேலிருந்து வந்தது, இது மூளை கட்டியது என்று ஒவ்வொன்றுக்கும் பதில் போட்டார் அரவிந்தர். அந்தக் கடிதங்களில் கிண்டலும் சண்டையும் நிறைய. கொள்கை நூலில் காணாத மனிதர் அங்கே கிடைக்கிறார். எழுத்துப் பயிற்சி பற்றி ஒரே ஒரு புத்தகம் வேண்டும் என்று கேட்பவருக்கு நான் அந்தக் கடிதங்களைத்தான் முதலில் சொல்வேன்.

'ஆர்யா'வின் பழைய இதழ்களிலேயே கிடந்த 32 தவணைகள் 1953இல்தான் நூலாயின. மதிப்புரை எழுதியவர் 1950 டிசம்பர் 5 அன்று காலமாகிவிட்டார். மதிப்புரைக்குப் புத்தகம் அனுப்பியவர் அப்போதும் உயிரோடு இருந்தார். 1956இல் மதனப்பள்ளியில் இறந்தார். கசின்ஸின் புத்தகத்தை இன்று ஆராய்ச்சிக்காரர்களைத் தவிர யாரும் தொடுவதில்லை.

அரவிந்தரின் நூல் ஆசிரமத்தின் இணையதளத்தில் முழுத் தொகுப்பின் 26ஆம் தொகுதியாக இலவசமாகவே கிடைக்கிறது. முதல் ஐந்து அத்தியாயங்களைப் படியுங்கள். பிறகு ஷெல்லி, கீட்ஸ் வரும் பகுதிக்குத் தாவுங்கள். அண்மைக் கவிஞர்கள் பற்றிய பகுதியில் விட்மனோடு நிறுத்திக்கொண்டு, பாரதியின் வசன கவிதையை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வாக்கியங்கள் நீளம், முதலில் மிரட்டும். ஓசை பற்றிய மூன்றாம் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், வழிக்கு வந்துவிடும்.